பயன் சொன்னவள்

சுவர்க் கடிகாரம் இரண்டு மணி காட்டியது. வாசலில் விழுந்த வெயிலோ பன்னிரண்டரை மணி வெயில். நிப்பொன்காரர், ஜப்பானியரை இப்போது அப்படித்தான் சொல்ல வேண்டும், பினாங்குக்குள் வந்த கையோடு ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். சூரியனுக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லைப் போலும் என்று அம்பிகைபாகன் ஆரம்பத்தில் பகிடி சொல்வார். ஒன்றரை வருடமாகிவிட்டது, இப்போது அவர் அதைச் சொல்வதில்லை. உச்சி வெயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்கப் புறப்படுவதற்காகக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி செல்வநாயகி, பத்து வயது யோகம்மாவின் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குச் சட்டை, பழைய ஜன்னல் திரையில் தைத்தது. நீலத் துணியில் வெள்ளைப் பூக்கள். திரையாக இருந்த காலத்தைவிட இப்போதுதான் அது வடிவாக இருக்கிறது என்று செல்வநாயகி அடிக்கடி சொல்லுவாள், பிள்ளை மனம் குறுகாமல் இருக்க.

யோகம்மாவுக்கு இதுதான் முதல் படம். சண்டைக்கு முன்னால் மூன்று வருடமாகக் கேட்டுக் களைத்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குரியது என்று அம்பிகைபாகன் தட்டிக் கழித்துவிடுவார். அவருக்குப் படத்தின்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. பிள்ளைகளின் மனத்தில் முதலில் விழும் உருவம் சுவாமியின் உருவமாக இருக்கட்டும் என்று ஓர் எண்ணம், அவ்வளவுதான். இன்றைக்கு அவரே கூட்டிப் போகிறார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அவராக நினைத்துப் போகவில்லை. கட்டளையின் பேரில் போகிறார்.

துறைமுகத்துக் கிட்டங்கி அலுவலகத்தில் அவர் பதினேழு வருடமாகக் கிராணி. சரக்குக் கணக்குப் புத்தகங்களை வெள்ளைக்காரத் துரைமார் அவர் கையெழுத்துக்காகவே மெச்சுவார்கள். இப்போது அந்தக் கையெழுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அவர்களுடைய மொழி, நிப்பொங்கோ, தெரிய வேண்டும். மாலை வகுப்பில் ஆறு மாதம் இருந்து பார்த்தார். தேவாரப் பதிகங்களை ஒருமுறை கேட்டே பாடமாக்கிய தலைக்குள் அந்த மொழி ஈரக் கையில் மீன்போல வழுக்கி வழுக்கி விழுந்தது. இரண்டு பரீட்சை எழுதினார், இரண்டிலும் தவறினார். அலுவலகத்தில் அப்படித் தவறியவர்கள் மிஞ்சி இரண்டு பேர்: ஒருவர் அவர், மற்றவர் மூட்டைகளைத் தடவியே எண்ணும் சரக்குக் கிராணி, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முகம்மது சுல்தான். போன புதன்கிழமை மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பாளனை வைத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ரோட்டுக் கொட்டகையில் ஒரு நிப்பொன் படம் ஓடும். அதைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஒவ்வொருவராக அவர் அறைக்குள் வந்து, படத்தில் என்ன கண்டீர்கள் என்று நிப்பொங்கோவில் சொல்ல வேண்டும். ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது. மற்றவரின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் எந்தப் பட்டியலுக்குப் போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர் என்று ஒருவரையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

அன்று மாலை வீடு திரும்பியபோது யோகம்மா கிணற்றடியில் வாளியைத் தட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். நிப்பொன் பாட்டு. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அவர் நின்று கேட்டார்.

"பிள்ளை, உனக்கு அவையள் கதைக்கிறது விளங்குமோ?" என்று கேட்டார்.

யோகம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம் அப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம், அலுவலகத்தில் போய், "என்ர பிள்ளைக்கு நிப்பொங்கோ தண்ணி பட்ட பாடு" என்று சொன்னதுதான்.

கொட்டகை வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு இருவரும் இடுப்புவரை குனிந்தார்கள். யோகம்மா அழகாகக் குனிந்தாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். உள்ளே மூட்டைப்பூச்சியும் கிராம்புச் சுருட்டுமாக மணத்தது. எல்லாரும் எழுந்து, நிப்பொன் சக்கரவர்த்தி இருக்கும் திசையென்று கிழக்கே திரும்பிக் குனிந்து, பிறகு உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தபோது யோகம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பயமில்லை. தேர் வெளியே வரும்போது பிடிப்பாளே, அதே பிடி.

முன் வரிசையில் ஒரு வெள்ளைத் தொப்பி பின்னால் திரும்பியது. சுல்தான்.

"பாகன் தம்பி, நீங்கதானே? எனக்கு இந்தக் கண்ணு சரியில்ல லா. திரையில வெள்ளையும் கறுப்பும் அசையிற மாதிரிதான் தெரியும். ஒங்க மகள் சொல்றத நானும் கொஞ்சம் கேட்டுக்கட்டுமா?"

அம்பிகைபாகன் ஒரு கணம் தயங்கினார். ஒருவருக்குத்தான் இடம். அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது. "அதுக்கென்ன நானா. பிள்ளை, கொஞ்சம் முன்னுக்கு வந்து சொல்லு, மாமாவுக்கும் கேக்கட்டும்" என்றார்.

"கண்ணு, பொறுமையா சொல்லும்மா. நாளைக்கு இந்தக் கிழவன் மானம் ஒன் வாயிலதான் இருக்கு" என்றார் சுல்தான், சிரித்துக்கொண்டே.

படம் தொடங்கியது. கடற்கரையோரம் ஒரு சிறு மரவீடு. ஒரு தாய், வளர்ந்த ஒரு மகன். மகன் காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவனுடைய மரச்செருப்பைத் தாய் குனிந்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாள். அவன் காலை நுழைத்து நேரே நடந்து போய்விடுகிறான். மாலையில் வருகிறான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறுகிறான், அவள் வந்து அதைத் திரும்பவும் வாசல் பக்கம் திருப்பி வைக்கிறாள். யார் வந்தாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தபோதும் திருப்பி வைத்தாள்.

யோகம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். "அவ கேக்கிறா, இண்டைக்கு மீன் கிடைச்சதோ எண்டு. அவர் சொல்லுறார், நிறையக் கிடைச்சது எண்டு. இப்ப கடுதாசி ஒண்டு வந்திருக்கு. தூரத்தில பெரிய வேலை ஒண்டு கிடைச்சிருக்காம். அம்மாவுக்குக் கவலை. அங்க கடையில சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு சொல்லுறா."

அம்பிகைபாகன் கண்ணைத் திரையிலும் காதைப் பிள்ளையிடமும் வைத்திருந்தார். பெருமை அவரை ஏதோ செய்தது. கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது, விநாசித்தம்பியர் செய்யுளை இராகத்தோடு பாடி நிறுத்துவார். அம்பிகைபாகன் அதற்குப் பயன் சொல்லுவார். செய்யுளின் பொருளை எல்லாருக்கும் விளங்கும்படி விரித்துச் சொல்வதை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்லுவார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த இடத்தில் வேறு யாரும் இருந்ததில்லை. இன்றைக்குத் திரை செய்யுளைப் பாடுகிறது. என் பிள்ளை பயன் சொல்லுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சுல்தானின் தொப்பி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் சொல்லுக்குச் சொல் மனத்தில் அடுக்குகிறார் என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

படத்தில் தெரு முழுக்கக் கொடிகள். அந்த மகன் பட்டாளச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான். ரயில் நிலையம். மழை. தாய் குடையைப் பிடிக்க மறந்து, அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ரயில் அசையத் தொடங்குகிறது. அவள் ஏதோ சொல்லுகிறாள், நீளமாக, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

"என்ன சொல்லுறா?" என்று அம்பிகைபாகன் கேட்டார்.

யோகம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ சொல்லுறா... மோனே, கோவம் ஆறினாப் பிறகு மலையால இறங்கி வா. உனக்கு எண்டு எடுத்து வைச்ச பழம் அப்பிடியே இருக்கு. அதில ஒருத்தரும் கை வைக்கேல்ல."

முன் வரிசையில் சுல்தானின் தொப்பி ஆடுவதை நிறுத்தியது.

அம்பிகைபாகன் திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பிள்ளையைப் பார்த்தார். ஒரு கணம், நிப்பொன்காரரிடமும் இந்தக் கதை இருக்கிறதோ என்றுகூட அவர் புத்தி போயிற்று. பிறகுதான் மெல்ல விளங்கியது. அது அவருடைய வசனம். நாலு வருடத்துக்கு முன் தைப்பூசத்துக்கு முதல் நாள், தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு கொட்டிலில் புராணம் படித்தார்கள். பழத்துக்காகக் கோபித்து மலையேறிய பிள்ளைக்குத் தாய் என்ன சொன்னாள் என்ற இடம். செய்யுளில் அப்படி ஒரு வரியும் இல்லை. முன்னால் இருந்த ஒரு தோட்டத்துப் பெண், தன் மகன் சண்டை போட்டுக்கொண்டு போய் மூன்று வருடமாயிற்று என்று காலையில் அவரிடம் சொல்லி அழுதிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வரி தானாக அவர் வாயில் வந்துவிட்டது. விநாசித்தம்பியர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், பிறகு அடுத்த செய்யுளைப் பாடத் தொடங்கினார். அன்றைக்கு ஆறு வயது யோகம்மா அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

ஆகவே பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீனும் இல்லை, கடைச் சாப்பாடும் இல்லை. எல்லாம் அவளாகக் கட்டியது. பள்ளிக்கூடத்தில் பாட்டும் எண்ணும் வணக்கமும்தான் படிப்பிக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு மொழி வந்துவிட்டது என்று நம்பியது யார்? புதன்கிழமை மாலை, வீட்டின் பயமெல்லாவற்றையும் குரலில் வைத்துக்கொண்டு "விளங்குமோ" என்று கேட்டால், ஒரு பிள்ளை வேறு என்ன சொல்லும்? அவருக்குக் கோபம் வந்தது. அதை யார்மேல் வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அது கரைந்துபோயிற்று.

அவர் மகளை நிறுத்தச் சொல்லவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடியில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, அதற்குப் பிறகு அவள் பயன் சொல்லவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்று சுல்தான் கேட்டதற்கு, "அவ சும்மா இருக்கிறா, மாமா. கதைக்கேல்ல" என்றாள். அது உண்மைதான். தாய் வீட்டில் தனியாக இருந்தாள். மகனுடைய பழைய மரச்செருப்பை எடுத்துத் துடைத்தாள். வாசலில் வைத்தாள். இம்முறை திருப்பி வைக்கவில்லை. இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல, முனைகள் வீட்டைப் பார்த்திருக்கும்படி வைத்தாள். பிறகு உள்ளே போய் முழங்காலிட்டு உட்கார்ந்து, வெறும் வாசலைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். விளக்குகள் எரிந்தன.

சுல்தான் எழுந்து திரும்பி, யோகம்மாவின் தலையில் கை வைத்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. "அந்தப் பழம்னு சொன்னே பாரு, அதுதான்மா. நாளைக்கு அத நான் எப்படியாச்சும் சொல்லிப்புடுவேன். பழத்துக்கு என்னா சொல்லுன்னு மட்டும் யார்ட்டயாவது கேட்டுக்குறேன். தம்பி, வரேன். அஸர் தொழுகைக்கு நேரமாச்சு." கையை முன்னால் நீட்டி, கதிரைகளைத் தடவித் தடவி அவர் வெளியே போனார்.

இருவரும் டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கமாக வீட்டை நோக்கி நடந்தார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் நிழல் பார்த்து ஒதுங்கியிருந்தார்கள். ஒரு சீனக் கிழவி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்த ஏதோ ஒன்றை இலையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். யோகம்மா அதைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்து நடந்தாள்.

"அப்பா."

"ம்."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

"தெரியும் பிள்ளை."

அவள் நின்றுவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அழவில்லை. "உங்களுக்கு அதைச் சொன்னால் நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. பத்தடி நடந்தார்கள். பிறகு, மெல்ல, கணக்கில் விடை கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள்.

"அப்பா, அந்த மாமா நான் சொன்னதை அப்பிடியே போய்ச் சொல்லுவார். அது பிழை. அப்ப வேலை உங்களுக்குத்தானே?"

அம்பிகைபாகன் தெருவின் நடுவில் நின்றார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து ஒதுங்கிப் போனான். கொட்டகைக்குள் அந்த வரியைக் கேட்ட கணத்திலிருந்து இந்த நினைப்பு அவருடைய மனத்தின் ஒரு மூலையில் இருட்டில் உட்கார்ந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தார். இப்போது அது பிள்ளையின் வாயால் வெளியே வந்து வெயிலில் நின்றது. அவள் கெட்ட பிள்ளையில்லை. அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்கிற ஒரே ஆசைதான். அந்த ஆசை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது போய் நிற்கும் இடம் சயாமில் ஒரு கண் தெரியாத கிழவன். இதை எப்படிச் சொல்வது? பன்னிரண்டு வருடம் பயன் சொன்ன வாய்க்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. மனத்துக்குள் 'முருகா' என்றார். வீட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை பார்த்தார். செல்வநாயகி கதவருகில் நிற்பாள்.

"வா பிள்ளை" என்று வந்த வழியே திரும்பினார்.

"எங்க அப்பா?"

"மாமாட்ட. நீ சொன்னதை நீதான் மாத்திச் சொல்லவேணும். நானும் ஒண்டு சொல்ல இருக்கு."

சூலியா தெரு வழியாகக் கப்பித்தான் பள்ளிவாசலுக்கு வந்தபோது தொழுகை நடந்துகொண்டிருந்தது. படிகளில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மரக்கட்டைச் செருப்புகள், ரப்பர் டயர் வெட்டித் தைத்தவை, ஒன்றிரண்டு பழைய தோல் சப்பாத்துகள். சுல்தானின் சப்பாத்து அவருக்குத் தெரியும். வெள்ளைக் கான்வாஸ், அடியில் சைக்கிள் டயர், இடது முனையில் விரல் தெரியும் அளவுக்கு ஓட்டை. அலுவலகத்தில் அதற்குத்தான், "நானாவின்ர சப்பாத்துக்குக்கூட ஜன்னல் இருக்கு, எங்கட அறைக்குத்தான் இல்லை" என்று எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். அதற்குப் பக்கத்தில், மதில் நிழலில் நின்றார்கள்.

வெளியே வந்த சுல்தான் குரலைக் கேட்டுத்தான் இவர்களை அடையாளம் கண்டார். "என்னா தம்பி, வீட்டுக்குப் போகல?"

யோகம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் உதவி செய்யவில்லை.

"மாமா, நான் சொன்னது எல்லாம் பொய். எனக்கு நிப்பொங்கோ தெரியாது. பாட்டு மட்டும்தான் தெரியும்."

சுல்தான் படியில் உட்கார்ந்தார். சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாமா?"

"ஓம்."

"பழமும்?"

"அது அப்பா கோயில்ல சொன்னது."

"அதுவும் செய்யுளில இல்லை, நானா. நான் சேர்த்தது" என்றார் அம்பிகைபாகன். "பிள்ளைக்கு நல்லாத் தெரியும் எண்டு ஊரெல்லாம் சொன்னதும் நான்தான். அவளில பிழை இல்லை."

சுல்தானின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று யோகம்மா பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், வயிறு மட்டும் ஆடச் சிரித்தார். "அல்லாவே. நானும் அந்த அதிகாரி முன்னாடி போய் மீனு நெறைய கெடச்சிச்சு, கடைச் சோறு ஒத்துக்காதுன்னு சொல்லி..." சிரிப்பு மெல்ல அடங்கியது. முகம் மாறியது. "நீங்க வராம இருந்திருக்கலாமே, தம்பி. வேலை ஒங்களுக்குப் போயிருக்கும்."

சுல்தான் கையை நீட்டி அம்பிகைபாகனின் முழங்கையைத் தொட்டார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"சரி. இப்ப என்னா செய்யிறது?"

"கண்ணால கண்டதைச் சொல்லுவம்" என்றார் அம்பிகைபாகன். "அதிகாரி கேட்டதும் அதைத்தானே, என்ன கண்டீர்கள் எண்டு. கண்டதில பிழை வராது. நீங்கள் காணாததை நாங்கள் சொல்லுறம்."

அப்படியே அந்தப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்பிகைபாகன் வீட்டைச் சொன்னார், மழையைச் சொன்னார், மடித்த குடையைச் சொன்னார். யோகம்மா செருப்பைச் சொன்னாள். சொன்னால் விளங்காதென்று சுல்தானின் சப்பாத்துகளை அவர் மடியிலிருந்து வாங்கிப் படியில் வைத்து, திருப்பிக் காட்டினாள். "வீட்டுக்கு ஆரும் வந்தால் இப்பிடித் திருப்பி வைப்பா. திரும்பிப் போகேக்க கஷ்டப்படாமல் போட்டுக்கொண்டு போகலாம். கடைசியில அவரின்ர செருப்பை மட்டும் இப்பிடி, உள்ளுக்குப் பாக்கிற மாதிரி." சுல்தான் விரலால் தடவி, முனை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். இரண்டு முறை தடவினார்.

தெரிந்த சொற்களை யோகம்மா எண்ணி எடுத்தாள். அம்மாவுக்கு ஒக்காசான். மழைக்கு அமே. மரச்செருப்புக்கு கெத்தா, அது பள்ளிக்கூட வாத்தியார் போடுவது. ஐந்தாறு சொல். அவற்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பெரியவர்களும் வாய்ப்பாடு படிக்கும் பிள்ளைகளைப்போல முணுமுணுத்தார்கள். சுல்தான் ஒரு சொல்லைக் கோணலாகச் சொல்லும்போது அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னொண்டு இருக்கு" என்றாள் கடைசியில். குரல் தணிந்தது. "அவ கடைசியாச் சொன்ன சொல்லு எனக்கு உண்மையாத் தெரியும். படிப்பிச்சவை. ஒகாயெரி. வீட்டுக்குத் திரும்பி வந்தவைக்குச் சொல்லுறது, வந்திட்டியோ எண்டு. ஆனா அங்க ஒருத்தரும் வரேல்ல, அப்பா. அதுதான் நான் அப்ப சொல்லேல்ல."

தெருவில் ஒரு பட்டாள லாரி போயிற்று. மூவரும் எழுந்து, குனிந்து நின்று, அது போன பிறகு உட்கார்ந்தார்கள்.

"ஒகாயெரி" என்றார் சுல்தான், ஒரு தடுக்கலும் இல்லாமல்.

திங்கட்கிழமை காலை அம்பிகைபாகன் விபூதி பூசி, செல்வநாயகி ஊற்றிக் கொடுத்த சர்க்கரையில்லாத கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பிள்ளை முதல்நாள் மாலையே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள். அவள் கேட்டுவிட்டு, விடிந்ததும் அவித்த மரவள்ளிக் கிழங்கில் பாதியை இலையில் சுற்றி, "இது அந்த நானாவுக்கு" என்று அவர் பையில் வைத்தாள்.

மேலதிகாரியின் அறைக்குள் பாய் விரித்திருந்தார்கள். அறைக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நடைக்கூடத்தில் ஒரு நீளப் பலகை. அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிழங்குப் பொட்டலம் இருவருக்கும் நடுவில் பிரிக்காமல் இருந்தது. சுல்தானின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஓதுகிறாரா, யோகம்மாவின் சொற்களைப் பாடமாக்குகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார் அம்பிகைபாகன். அவர் மனத்திலும் அப்படித்தான் கலந்து கிடந்தது.

மொழிபெயர்ப்பாளன் வந்து கதவைத் திறந்து, முதலில் சுல்தானின் பெயரைக் கூப்பிட்டான்.

சுல்தான் எழுந்தார். அவசரத்தில் சப்பாத்தைக் காலாலேயே உதறித் தள்ளினார். ஒன்று கதவை இடித்துக்கொண்டு நின்றது, மற்றது கவிழ்ந்தது. சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அம்பிகைபாகன் தனியே இருந்தார். உள்ளே நிப்பொங்கோவில் ஒரு கேள்வி, வெட்டி வெட்டி. பிறகு அமைதி. கிழவர் மறந்துவிட்டார் என்று அவர் நினைத்த நேரத்தில், மெல்லிய குரலில், கோணலாக, "ஒக்காசான்" என்று கேட்டது. இடைவெளி. "அமே." இடைவெளி. தன்னுடைய சொற்களும் அவைதான், அதே ஐந்தாறு. அடுத்து உள்ளே போகும்போது அவை புதிதாக இருக்காது. அதை அவர் நேற்றே அறிந்திருந்தார்.

அவர் பலகையிலிருந்து இறங்கி, கதவடியில் முழங்காலிட்டார். கவிழ்ந்து கிடந்த சப்பாத்தை நிமிர்த்தினார். மற்றதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கான்வாஸ் தேய்ந்து நூல் பறந்துகொண்டிருந்தது. ஓட்டை வழியாக உள்ளே மடித்து வைத்த காகிதம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வெளிவாசலைப் பார்க்கத் திருப்பினார். கண் தெரியாத ஒரு மனிதன் கதவைத் திறந்துகொண்டு வந்து காலை நீட்டினால், தடவிப் பார்க்கத் தேவையில்லாமல் அவை இருக்க வேண்டும். அதற்காக ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினார். பிறகு தூரமாகிவிட்டதென்று பின்னால் கொஞ்சம் நகர்த்தினார்.

நடைக்கூடத்தின் கோடியில் தெருவாசல் திறந்து கிடந்தது. தோக்கியோ நேரம் ஒன்பதரை. வெளியிலிருந்து எட்டு மணி வெயில் வந்து, சப்பாத்து முனைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. உள்ளே சுல்தானின் குரல் கடைசிச் சொல்லுக்கு வந்துகொண்டிருந்தது.